மிதித்தால் மட்டும் போதுமா? கயாக்கைக் கரை சேர்ப்பது சுக்கான்!

செந்தூலில் வளர்ந்தவர்களுக்கு ரயிலைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த ரயில்வே பணிமனையை நம்பித் தலையெடுத்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சிறு வயதிலேயே தெரியும். ரயில் ஓட்டுநரால் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வண்டியை நிறுத்தவும் முடியும். ஆனால், திருப்புவதற்கு அவர் கையில் எதுவும் இல்லை. எந்தப் பக்கம் போவது என்பதைத் தண்டவாளம் பார்த்துக்கொள்கிறது.

தண்ணீரில் தண்டவாளம் கிடையாது. அங்கே வேகம் ஒரு வேலை, திசை இன்னொரு வேலை. காலால் மிதித்து ஓட்டும் மீன்பிடிக் கயாக் வாங்குகிறவர்கள் பலரும் மறந்துவிடுவது இதைத்தான். "சைக்கிள் ஓட்டத் தெரியும், இதில் என்ன பெரிய வித்தை?" என்று கேட்டுக்கொண்டே இறங்குகிறார்கள். சைக்கிள் ஓடும் சாலை நகர்வதில்லை. கயாக் ஓடும் தண்ணீரோ தானும் ஓடிக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு காலத்தில் 'செந்தூல் - போர்ட் கிள்ளான்' என்றே ஒரு கொமுட்டர் தடத்துக்குப் பெயர் இருந்தது. தூண்டிலோடு செந்தூலில் ஏறினால், இறங்கும் இடம் கடல்தான். இன்று வண்டிக் கூரையில் கயாக்கைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புகிறார்கள். போகும் கடல் அதே கடல். அந்தக் கடலின் குணமும் மாறவில்லை.

கட்டுமரம் தந்த பெயர்

காலால் ஓட்டும் கயாக் எங்கோ வெள்ளைக்காரர் நாட்டில் பிறந்தது என்று ஒதுங்க வேண்டியதில்லை. அதன் வரலாற்றில் ஒரு தமிழ்ச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சோழமண்டலக் கரையில் மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போனவர்களைக் கண்ட ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியான தம் பயண நூலில் அந்த மிதவையைப் பற்றி எழுதினார். 'கட்டுமரம்' என்ற நம் சொல் 'கட்டமரான்' என்று ஆங்கிலத்தில் நுழைந்தது. பிற்காலத்தில் இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கு அதுவே பெயரானது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்துவந்த ஹோபி ஆல்டர், 1960களின் இறுதியில் இரட்டை உடல் பாய்மரப் படகுகளைத் தயாரிக்கத் தொடங்கியபோது, அவற்றுக்கு 'ஹோபி கேட்' என்ற பெயர் வந்தது. அந்தக் 'கேட்' பூனையைக் குறிப்பதல்ல, கட்டமரானின் சுருக்கம்.

அதே பெயர் கொண்ட நிறுவனம்தான் 1997இல் 'மிராஜ் டிரைவ்' என்ற மிதி இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கிரெக் கெட்டர்மேன் என்ற வடிவமைப்பாளரின் கைவண்ணம் அது. படகின் அடியில் இரண்டு துடுப்புச் சிறகுகள், பென்குவின் பறவை நீருக்குள் இறக்கையை வீசுவதுபோல் பக்கவாட்டில் வீசி, படகை முன்னே தள்ளும்.

கட்டுமரத்தில் போகும் நம் மீனவருக்குத் தனியாகச் சுக்கான் கிடையாது. கையிலிருக்கும் துடுப்பே வேகமும் தரும், திசையும் தரும். சாதாரணக் கயாக்கும் அப்படித்தான். காலால் மிதிக்கும் கயாக்கில் மட்டும் இந்த இரண்டும் பிரிந்துவிட்டன. வேகம் காலுக்குப் போனது. திசை, பின்முனையில் தொங்கும் சிறிய சுக்கானுக்குப் போனது. கை இரண்டும் தூண்டிலுக்கு மிச்சமாயின. மீன்பிடிப்போருக்கு இது பெரிய வரம். ஆனால், திசைக்காக ஒரு கையை எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற கடமையும் கூடவே வந்தது.

இரண்டு வகை மிதி

சந்தையில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

முதலாவது, மேலே சொன்ன சிறகு வகை. மிதிகளை மாற்றி மாற்றி முன்னே தள்ள வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் ஒரு காலை முழுவதும் முன்னே நீட்டிப் பிடித்தால், இரண்டு சிறகுகளும் படகின் அடிவயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். சேற்றுத் திட்டுகளைத் தாண்ட இது உதவும். பழைய மாதிரிகளில் பின்னோக்கிப் போகும் வசதி இல்லை. பிறகு வந்தவற்றில், ஒரு கயிற்றை இழுத்தால் சிறகு திரும்பிக்கொண்டு படகைப் பின்னே கொண்டுபோகும். 2019இல் அறிமுகமான மாதிரியில் சிறகுகளை எந்தப் பக்கமும் திருப்பலாம். படகு பக்கவாட்டில்கூட நகரும்.

இரண்டாவது, சுழல் விசிறி வகை. சைக்கிள் மிதிப்பதுபோல் வட்டமாக மிதித்தால் அடியிலுள்ள விசிறி சுழலும். பின்னோக்கி மிதித்தால் படகு உடனே பின்னே போகும். இது நல்ல வசதி. ஆனால், விசிறியும் அதைத் தாங்கும் தண்டும் நீருக்குள் ஆழமாகத் தொங்குகின்றன. அறுந்த வலைத் துண்டு, நெகிழிப் பை, தூண்டில் நரம்பு எது கிடைத்தாலும் சுற்றிக்கொள்ளும். ஆழமில்லாத இடத்தில் அதை மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்கிய பிறகு கால்களுக்கு வேலை இல்லை.

எந்த வகையானாலும் ஒன்று பொது. மிதி வேலை செய்யாத நேரம் கட்டாயம் வரும். அப்போது கையில் துடுப்பு இல்லாதவர், ஓடும் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் வெறும் பயணி. "காலால்தானே ஓட்டப்போகிறோம்" என்று துடுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போவது, உபரிச் சக்கரம் இல்லாமல் நெடுஞ்சாலைக்குப் போவதைவிட மோசமான காரியம்.

சுக்கான் எப்படி வேலை செய்கிறது?

சுக்கான் என்பது ஒரு சிறிய தகடு. அது தானாகப் படகைத் திருப்புவதில்லை. அதன்மீது மோதி ஓடும் தண்ணீர்தான் திருப்புகிறது. ஆகவே முதல் விதி இதுதான்: ஓட்டம் இல்லையென்றால் சுக்கானுக்கு உயிர் இல்லை. நின்ற படகில் கைப்பிடியை எவ்வளவு திருகினாலும் பயன் இல்லை. திரும்ப வேண்டுமென்றால் மிதித்துக்கொண்டே திருப்ப வேண்டும்.

புதியவர்கள் செய்யும் தவறு இதற்கு நேர்மாறானது. எதிரே ஒரு கம்பம் தெரிந்ததும் பயத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை முழுவதும் திருப்புகிறார்கள். வேகம் குறைகிறது, சுக்கான் செயலிழக்கிறது, ஓட்டம் படகை நேரே கம்பத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. செய்ய வேண்டியது, பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே சிறிதளவு திருப்பி, மிதியை விடாமல் விலகிப்போவது.

இரண்டாவது விதி: சுக்கான் திருப்புவது முன்முனையை அல்ல, பின்முனையை. இடப்பக்கம் திரும்பும்போது படகின் வால் வலப்பக்கம் வீசும். மோட்டார் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புதிது. படகின் வலப்பக்கம் படகுத்துறையின் தூணை ஒட்டியிருக்கும்போது ஒருவர் சடாரென்று இடப்பக்கம் திருப்பினால், வால் தூணில் இடிக்கும். சுக்கான் தகடு உடைவது பெரும்பாலும் இப்படித்தான். தூணிலிருந்து முதலில் துடுப்பால் தள்ளி விலகி, பிறகு திருப்புவதே முறை.

மூன்றாவது விதி: அதிகம் திருப்பினால் அதிகம் திரும்பும் என்பதில்லை. ஓர் அளவுக்கு மேல் சுக்கான் குறுக்கே நின்று, திருப்புவதை விட்டுப் படகுக்குத் தடை போடும். நீண்ட கயாக்குகள் நேராக ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. சிறிய இடத்தில் திரும்ப வேண்டுமென்றால், சுக்கானைத் திருப்பி, மிதித்துக்கொண்டே, திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் துடுப்பால் அகலமாக ஒரு வீச்சு வீச வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் வட்டம் சுருங்குவதைக் காணலாம்.

நான்காவது விதி: பின்னோக்கிப் போகும்போது சுக்கானை நம்பக் கூடாது. முன்னே போகையில் சிறகோ விசிறியோ தள்ளும் நீர் சுக்கான்மீது பாயும். பின்னே போகையில் அந்த நீர் எதிர்ப்பக்கம் போய்விடும். சுக்கானின் பலம் குறையும். திருப்பும் பக்கமும் மாறிப்போகும். சுக்கானை நடுவில் நிறுத்தி, மெதுவாகப் பின்வாங்கி, திசையைத் துடுப்பால் சரிசெய்வதே நல்லது.

பெரும்பாலான மாதிரிகளில் கைப்பிடி இடப்பக்கம் இருக்கும். வலக்கைப் பழக்கமுள்ளவருக்குத் தூண்டில் பிடிக்கும் கை ஓய்வாக இருக்கட்டும் என்பதே காரணம். கைப்பிடியை முன்னே தள்ளினால் எந்தப் பக்கம் திரும்பும் என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடலாம். அதைக் கரையிலேயே, ஒருவர் பின்னால் நின்று பார்க்க, சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சுக்கானை இழுக்கும் கயிறு தளர்ந்திருந்தால் கைப்பிடி திரும்பும், தகடு திரும்பாது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இந்தக் கயிற்றைப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

காற்றும் அலையும்

மீன்பிடிக் கயாக்கின் இருக்கை உயரமானது. கூடவே தூண்டில் தாங்கி, மீன் பெட்டி, நிற்கும் தூண்டில்கள் எல்லாம் காற்றுக்குப் பாய் விரித்ததுபோல் நிற்கின்றன. பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது, முன்னே போகும் கயாக்கின் மூக்கு தானாகவே காற்று வரும் திசைக்குத் திரும்பப் பார்க்கும். சுக்கானைச் சற்றே எதிர்ப்பக்கம் பிடித்து அப்படியே நிறுத்திவைத்தால் போதும். ஒவ்வொரு வினாடியும் இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தால் படகு பாம்புபோல் நெளியும், கால்தான் வலிக்கும்.

பின்னாலிருந்து வரும் அலைதான் ஏமாற்றுக்காரன். அது படகின் வாலைத் தூக்கி ஒரு பக்கம் தள்ளும். அலை தூக்கிய அந்தக் கணத்தில் சுக்கான் பாதி நீருக்கு வெளியே இருக்கும், கைப்பிடி லேசாகிவிடும். படகு அலைக்குக் குறுக்கே விழுந்தால் கவிழ்வது எளிது. வால் எழும்பத் தொடங்கும்போதே சிறிதாகத் திருத்திவிட வேண்டும். எழும்பிய பிறகு திருத்துவது தாமதம். அப்போதும் தடுமாறினால் துடுப்பை எடுத்துப் பின்பக்கமாக நீரில் வைத்து இழுப்பதே சுக்கான்.

மீன் மாட்டும் நேரமும் ஒரு சோதனைதான். பெரிய திருக்கையோ கொடுவாவோ இழுத்தால் கயாக் மீனின் பின்னால் போகும். மூக்கு மீனை நோக்கி இருக்கும்வரை ஆபத்து குறைவு. மீன் பக்கவாட்டில் ஓடும்போது, ஆளும் அந்தப் பக்கமே சாய்ந்தால், கயாக் கவிழ்ந்துவிடும். தூண்டிலின் நுனியை முன்முனைப் பக்கம் கொண்டுபோய், சுக்கானால் மூக்கையும் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். நரம்பு சிறகிலோ விசிறியிலோ சிக்காமல் பார்த்துக்கொள்வதும் இதில் அடங்கும். நங்கூரத்தையும் ஓட்டமுள்ள இடத்தில் ஒருபோதும் பக்கவாட்டில் கட்டக் கூடாது. முன்முனையிலோ பின்முனையிலோ கட்டி, அவசரத்தில் உடனே அவிழ்க்கும்படி வைத்திருக்க வேண்டும்.

கிள்ளான் கடலின் கணக்கு

இதுவரை சொன்னதெல்லாம் ஏரியிலும் பழகலாம். கிள்ளான் கரையில் வேறொரு கணக்கும் உண்டு. அதுதான் கடல் பெருக்கும் வற்றும்.

மலாக்கா நீரிணையின் இந்தப் பகுதியில் நாளுக்கு இருமுறை நீர் பெருகி இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கிள்ளான் துறைமுகத்தில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அது குறையும். இவ்வளவு நீரும் சுமார் ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே போகிறது. அதுவும் சீராக அல்ல. முதல் மணியிலும் கடைசி மணியிலும் மெதுவாகவும், நடு இரண்டு மணி நேரத்தில் மிக வேகமாகவும் ஓடும். மொத்த நீரில் ஏறத்தாழப் பாதி அந்த நடு இரண்டு மணியில்தான் நகர்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சாதாரணமாக ஒருவர் களைக்காமல் மிதித்தால் மணிக்கு 5 கிலோமீட்டர் போகலாம். வற்று நீர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்தோடு போகையில் வேகம் 9 கிலோமீட்டர். 2 கிலோமீட்டர் தூரத்தை 13 நிமிடத்தில் எட்டிவிடலாம். "ஆஹா, என்ன அருமையான கயாக்!" என்று தோன்றும். திரும்பும்போது வேகம் 5இல் 4 போக வெறும் 1 கிலோமீட்டர். அதே தூரத்துக்கு 2 மணி நேரம் இடைவிடாமல் மிதிக்க வேண்டும். நடுவில் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்தால் 300 மீட்டருக்கு மேல் பின்னே போயிருப்பார். போகும்போது கிடைத்த சுகம், கடலிடம் வாங்கிய கடன். வட்டியோடு கட்ட வேண்டும்.

அதனால்தான் அனுபவசாலிகள் வற்று முடியும் நேரத்தில் இறங்கி, பெருக்கு நீரோடு திரும்புகிறார்கள். திரும்பும்போது ஓட்டமும் துணை; கரையில் சேறு மூடிவிட்ட நீரும் துணை. வற்று நேரத்தில் கரை சேர்கிறவர், கரைக்கு நூறு மீட்டர் முன்பே சேற்றில் சிக்கிக்கொள்வார். சுக்கானையும் மிதியையும் தூக்கிவிட்டுத் துடுப்பால் ஊர்வதைத் தவிர வழியில்லை. இறங்கி இழுத்துவிடலாம் என்றால் சேறு முழங்காலுக்கு மேல் விழுங்கும்.

ஆற்று முகத்தைக் கடப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 400 மீட்டர் அகலம், குறுக்கே ஓடும் நீர் மணிக்கு 3 கிலோமீட்டர், கயாக்கின் வேகம் 5 என்றால், நேர் எதிரே மூக்கை வைத்துப் போகிறவர் ஐந்து நிமிடத்தில் கடப்பார். ஆனால், 240 மீட்டர் கீழே போய்ச் சேர்வார். மூக்கை ஓட்டம் வரும் பக்கம் சாய்த்து வைத்துப் போகிறவருக்கு 6 நிமிடம் ஆகும். அவர் நினைத்த இடத்திலேயே சேர்வார். பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணம்தான் இது.

சாய்வு சரியா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? எதிர்க்கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பொருட்களை, ஒரு கம்பத்தையும் ஒரு மரத்தையும், ஒரே நேர்க்கோட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பமும் மரமும் விலகாமல் இருந்தால் படகு நேராகப் போகிறது. விலகினால் ஓட்டம் இழுக்கிறது. கோயில் கோபுரத்தையும் பனைமரத்தையும் பார்த்துக் கடலில் இடம் குறித்த நம் தமிழகத்து மீனவர்களின் பழைய வித்தையும் இதுதான். இதற்கு மின்கலமும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம்.

கப்பல், புயற்காற்று, இடி

கிள்ளான் துறைமுகம் உலகின் சுறுசுறுப்பான கொள்கலன் துறைமுகங்களில் ஒன்று. அங்கே நுழையும் பெரிய கப்பலின் மேல்தட்டிலிருந்து பார்த்தால், அருகிலுள்ள கயாக் கண்ணிலேயே படாது. பட்டாலும் உடனே நிற்கக் கப்பலால் முடியாது. கப்பல் வழித்தடத்தில் மீன்பிடிக்க நிற்பது துணிச்சல் ஆகாது. கடக்க நேர்ந்தால் கப்பல் எதுவும் இல்லாதபோது, நேர்க்குறுக்காக, நிற்காமல் கடந்துவிட வேண்டும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' என்று அழைக்கப்படும் புயற்காற்று இந்தக் கரையைத் தாக்குவதுண்டு. சுமத்ரா தீவிலும் நீரிணையிலும் திரளும் இடிமழை மேகங்கள் ஒரு வரிசையாக நம் பக்கம் நகரும். வருவது பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ. மீன்பிடிக்கக் கிளம்புகிறவர்கள் கடலில் இருக்கும் நேரமும் அதுவே. மேற்கே அடிவானத்தில் கறுத்த மேகம் நீண்ட மதில்போல் தெரிந்து, குளிர்ந்த காற்று திடீரென வீசினால், அடுத்த தூண்டிலை வீசக் கூடாது. முந்தைய நாள் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைப் பார்ப்பதும், இடிச் சத்தம் கேட்டவுடன் கரைக்குத் திரும்புவதும் பழக்கமாக வேண்டும்.

முதல் பாடம் கவிழ்வது!

கயாக்கை எப்படி ஓட்டுவது என்பதற்கு முன்பு, கவிழ்ந்தால் எப்படி ஏறுவது என்று பழக வேண்டும். இடுப்பளவு நீருள்ள, அனுமதி பெற்ற, அமைதியான இடத்தில், இருவராகப் போய் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்க்க வேண்டும். 40, 50 கிலோ எடையுள்ள அகலமான கயாக்கைப் புரட்டுவது எளிதல்ல. அடியில் கைகொடுத்து எதிர்ப்பக்க விளிம்பைப் பற்றி, உடல் எடையால் இழுக்க வேண்டும். பிறகு மார்பைப் படகின்மேல் ஏற்றி, கால்களை நீரில் உதைத்து, குப்புறப் படுத்தபடி ஏறி, மெல்ல உட்கார வேண்டும். மிதி இயந்திரம், துடுப்பு இரண்டையும் கயிற்றால் படகோடு பிணைத்திருக்காவிட்டால், ஏறிய பிறகு ஓட்ட எதுவும் இருக்காது.

உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குப் பின்னால் மடித்துவைப்பது அணிவதாகாது. கவிழ்ந்த பிறகு நீரில் அதை மாட்டுவது மிகச் சிரமம். கரையிலேயே அணிந்து, பட்டைகளை இறுக்கிவிட வேண்டும். விசில், நீர் புகாத உறையில் கைப்பேசி, குடிநீர் மூன்றும் உடம்போடு இருக்கட்டும். அவசரத்துக்கு 999.

கடைசியாக, செலவில்லாத ஒரு பாதுகாப்பு உண்டு. எங்கே இறங்குகிறார், எத்தனை மணிக்குக் கரை ஏறுவார், அந்த நேரம் தாண்டினால் யாரை அழைப்பது என்று மூன்று வரி எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது. செந்தூலில் அடுப்படியில் நிற்கும் மனைவிக்கோ அம்மாவுக்கோ கடல் பெருக்கின் கணக்கு தெரியாமல் இருக்கலாம். அந்தத் தாளில் உள்ள நேரம் தெரியும். சொன்ன நேரத்தில் திரும்பி வருவது மீன்பிடிப்பவரின் முதல் ஒழுக்கம்.

மீன் இன்று கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் கிடைக்கும். கடலில் ஓட்டுகிறவருக்குத் தண்டவாளம் கிடையாது; எப்போது திரும்புவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைக் கால்கள் களைத்த பிறகு எடுப்பவரைவிட, கால்களில் பலம் இருக்கும்போதே சுக்கானைக் கரைப்பக்கம் திருப்புகிறவரே நல்ல ஓட்டுநர்.